கழுவிப் புதைத்த சட்டி

பல் பிரஷ் வாங்கும்போது, மேடம், அட்டையில் மிருதுவானது என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள். ஒரே வாரத்தில் முடி உதிர ஆரம்பித்துவிடும். கெட்டியானதும் வேண்டாம், அது பானை ஓட்டைக் கீறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று விற்கிறார்கள். அன்றைக்கு நான் அதைக் கேட்டு வாங்கியிருந்தால், நீங்களும் நானும் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடிக்க வேண்டி வந்திருக்காது. நீல நிறம் கண்ணுக்கு அழகாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

நீங்கள் சட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு நடுவிலிருந்து சொல்ல வராது, முதலிலிருந்து வந்தால்தான் கோவையாக வரும். அந்த நாட்களை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அதையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஆயுசில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிரித்த பிறகு ஸ்கூலை விற்றுவிட்டோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு வேனில் போய்வந்தார். விடியற்காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். கூடவே ஒரு டெய்லர், பேக்கரி வைத்திருக்கிற பெண், காதில் எப்போதும் பாட்டை மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரி மாணவி. வேன் டிரைவர் இவரிடம் படித்தவன். இவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைவு வந்தால் போதும், வலது காலால் தரையை ஓங்கி அழுத்துவார். அங்கே இல்லாத பிரேக்கை. "ஐயா, நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்பான் டிரைவர். "நீ பாக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று இவர் இன்னும் ஒரு அழுத்து அழுத்துவார். டெய்லர் இதையெல்லாம் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த அலைச்சல் தீருகிற மாதிரி, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் காலியிடத்திலேயே ஒரு டயாலிசிஸ் கூடம் கட்ட உத்தரவு வந்தது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அந்த இடம் தெரியும். மெஷின்கள்கூட வந்து இறங்கிவிட்டன. தண்ணீர் சுத்தம் செய்கிற பெரிய தொட்டியும் குழாயும் இல்லாமல் அவை ஓடாதாம், அதற்குப் பழைய கட்டடத்தில் இடமில்லை. அதனால் அட்டைப்பெட்டியோடு வராந்தாவில் வரிசையாக நின்றன. இவர் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டியில் சாய்ந்து நின்றுகொள்வார். "சத்தம் போடாதீங்க, என் கிட்னி உள்ள தூங்குது" என்பார் நர்ஸ்களிடம்.

கான்ட்ராக்டர் நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் "மழைக்கு முன்னாடி" என்பார். ஊரே அவரை மழைக்கு முன்னாடி என்றுதான் கூப்பிட்டது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சுவரெல்லாம் வேறு இடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்துகிற சுவர். தரைக்கு கான்கிரீட் ஊற்றிக் காய்ந்தால் சில வாரத்தில் கூடம் எழும்பிவிடும். ஏன் மழைக்கு முன்னால் என்றால், அந்த ஆற்றுப் பாலம் தாழ்வான பாலம். மழை பிடித்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும், நாள்கணக்கில் இறங்காது. வேறு வழியும் கிடையாது. போன மழையில் சீக்கிரமே இறங்கியதால் பிழைத்தார்கள். "ஒரு தடவை விட்டா சமாளிக்கலாம், ரெண்டு மூணு தடவை விட்டா இதயம் நின்னுடும்" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும், மேடம். தெரியாமல் செய்தேன் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும்.

அடித்தளம் தோண்டும்போது பொக்லைன் இயந்திரம் ஒரு கல்லில் இடித்தது. பழைய கழிவுத்தொட்டியாக இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வைத்த சுவர், நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. வேலை நின்றது. அகழாய்வுத் துறையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார், நெட்டையாக, இரண்டு முழங்காலிலும் சேறோடு. அவரும் டாக்டர், ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர் பட்டம். இவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "நாம கிட்னிக்கு டாக்டர் கேட்டோம், அவங்க மண்ணுக்கு டாக்டர் அனுப்பிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் மண் டாக்டர்தான்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வீடாம் அது. கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை, யாரோ பிள்ளைகுட்டியோடு குடியிருந்த நீளமான வீடு. கல் அடித்தளம், களிமண்ணை அடித்து இறுக்கிய தரை, நடுவில் அடுப்பு, மிதித்து மிதித்து நடுவில் குழிந்துபோன வாசற்படி. ஒரு மாதம் தோண்டலாம், புதிதாக முக்கியமான ஏதாவது கிடைத்தால் இன்னொரு மாதம். இல்லையென்றால் படம் எடுத்துவிட்டு, துணி விரித்து, மணல் பரப்பி, மேலே கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்று துறையும் ஆஸ்பத்திரியும் பேசி முடிவு செய்தன. அப்படி மூடினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது, பத்திரமாகத்தான் இருக்கும் என்று மண் டாக்டரே சொன்னார். ஆகையால் சுவரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.

ஓடு கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். வீட்டில் கழுவாத பாத்திரமா என்று சிரித்துக்கொண்டே போனேன். ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு சல்லடைத் தட்டு, ஒரு பல் பிரஷ், கூடை கூடையாக மண் அப்பிய பானை ஓடுகள். முதல் நாள் நான் கழுவிய ஓட்டின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. கரி இல்லை, பொங்கி வழிந்து தீய்ந்த கோடு. யாரோ ஒருத்தி அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் வம்பளக்கப் போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மண் டாக்டரிடம் காட்டினேன். அவர் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்த்தார், அவரும் சிரித்தார், எல்லாரையும் கூப்பிட்டார். "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். நான் கழுவிய பாத்திரத்தைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்த் தொட்டியில் தண்ணீர் நிரப்புவேன். தோண்ட வந்த மாணவப் பிள்ளைகள் காலையில் வரும்போதே "அக்கா, இன்னிக்கு என்ன தீயவிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மண் டாக்டர் குழிக்குள்ளிருந்து சுருதி சேராமல் முணுமுணுப்பார், நாங்கள் மேலிருந்து கூடப் பாடி அவரை இன்னும் கெடுப்போம். ஒரு நாள் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவே மனமில்லை, அப்படியே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டில் உப்பில்லாமல் ஒரு சமையல், அளந்து ஊற்றுகிற தண்ணீர், எடை பார்க்கிற மெஷின், மாத்திரை டப்பா. அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மேடம். தங்கமான மனிதர். வலி வந்தாலும் ஜோக்கடிப்பார். அதுதான் கஷ்டம், நாமும் சிரித்தாக வேண்டும்.

முதல் மாதம் முடியப்போனது. வாசற்படி, அடுப்பு, சுவர், எல்லாவற்றையும் படம் எடுத்தாகிவிட்டது. "அடுத்த வாரம் மூட்டை கட்டணும்" என்று மண் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு என்ன, அடுத்த ஊர், அடுத்த குழி. நான் வீட்டுக்கு வந்து வெங்காயத்தை நறுக்கி வைத்துக்கொண்டு அழுதேன். வெங்காயம் அன்றைய சமையலுக்குத் தேவையே இல்லை.

மறுநாள் கடைசிக் கூடையில் ஒரு பெரிய ஓடு வந்தது. ஒரு சின்னச் சட்டி கிட்டத்தட்ட முழுசாகவே என்று சொல்லலாம், கறுப்பு நிறம், கழுத்தைச் சுற்றி அலை அலையாகக் கோடு. அதை இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை, எண் போடவில்லை. சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருடவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. திருடுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், நான் திரும்பக் கொண்டுபோய் வைக்கத்தானே எடுத்தேன். அடுப்படியில் துணியில் சுற்றி, சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டினேன். ஆறு துண்டாயிற்று.

இங்கேதான் அந்தப் பிரஷ் வருகிறது. மண்ணில் திரும்பப் புதைக்கப்போகிற ஓட்டை யாராவது கழுவுவார்களா? நான் கழுவினேன். கை பழகிவிட்டது. அழுக்கோடு ஒரு ஓட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பளபளவென்று கழுவிவிட்டு அப்புறம்தான் அடடா என்று தோன்றியது. பழைய உடைப்பு மங்கலாக இருக்கும், புது உடைப்பு பளிச்சென்று இருக்கும் என்று மண் டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் துண்டுகளை டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டேன், பிறகு குழியிலிருந்து கொண்டுவந்த சேற்றை விளிம்பில் நன்றாகத் தேய்த்தேன். சேற்றுக்கு அடியில், ஒரு விரிசலில், நீல முடி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இவர் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். பாத்திரத்தைப் பார்த்து, "என்னம்மா, சட்டி டீயில குளிக்குது?" என்றார்.

"வீட்டு வேலை குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றேன்.

"சரிதான். அவங்க என்னை அங்க கழுவறாங்க, நீ இதை இங்க கழுவு. மொத்தத்துல எல்லாரும் சுத்தமாயிடுவோம்" என்று சொல்லிவிட்டு, அளந்து வைத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். புரிந்துதான் விட்டுவிட்டார்.

காலையில் முதல் ஆளாகப் போனேன் அல்லவா, தொட்டியை நிரப்புவதற்கு முன்னால் வாசற்படிக்கு அடியில் முதல் துண்டைச் செருகினேன். மண்ணை அழுத்திவிட்டு மேலே வந்து பிரஷை எடுத்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு மாணவன் வெளியே எடுத்துக் கத்தினான். மண் டாக்டர் ஓடிவந்து மண்டியிட்டார். படிக்குக் கீழே சட்டித் துண்டு என்றால், படி வைக்கும்போதே யாரோ வேண்டுமென்று வைத்தது என்று அர்த்தமாம். நான் அடுத்த ஓட்டை எடுத்துக் கழுவினேன். இன்னொரு மாதம் கிடைத்தது.

இரண்டாவது துண்டு அடுப்புக்கு அடியில். அதோடு அவர் முழுக் கதையையும் கண்டுபிடித்துவிட்டார். வீடு கட்டும்போது ஒரு சட்டியை உடைத்து, வாசலில் ஒன்று, அடுப்பில் ஒன்று, நாலு மூலைக்கும் ஒவ்வொன்று என்று புதைத்திருக்கிறார்களாம். சட்டியின் வளைவை அளந்து பார்த்து, "ஆறு துண்டாதான் இருக்கும்" என்றார். நான் வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், மீதி நாலு. எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒருவேளை உண்மையிலேயே அப்படித்தான் செய்திருப்பார்களோ, நான் எடுத்ததைத்தான் திருப்பி வைக்கிறேனோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டது. எங்கே வைக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்குத் தெக்கு மூலையைப் பாக்கலாம்" என்பார். நாளைக்குத் தெற்கு மூலையில் இருக்கும்.

மேலிடத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது, ஓரத்தில் நானும் பிரஷோடு நின்றேன், வாயெல்லாம் பல். இவர் அந்தப் பத்திரிகையை வேனுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். பேக்கரிப் பெண் ஒரு சாயங்காலம் வேலி ஓரமாக வந்து நின்றாள். அவளுடைய கை வீங்கியிருந்தது. "அக்கா, உள்ள இருக்கறவங்க நீங்கதானே, எப்ப முடியும்னு கேட்டுச் சொல்லுங்களேன். வானம் வேற மூடிட்டு வருது."

"சீக்கிரம் முடிஞ்சிடும்மா" என்றேன். சீக்கிரம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

கடைசியில் துறைக்கே போதும் என்று தோன்றிவிட்டது. இரண்டு மூலை இன்னும் பாக்கி, இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் கட்டடம் வேண்டுமல்லவா, மணலைப் பரப்பச் சொல்லிவிட்டார்கள். கான்கிரீட் லாரி வாசலில் வந்து நின்று சுற்றிக்கொண்டிருந்தது. அன்று வேன் இல்லாத நாள். இவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரம் போட்டு, கல்யாணம் பார்க்க வந்தவர் மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டெய்லரும் அந்தக் கல்லூரிப் பெண்ணும் பக்கத்தில். பேக்கரிப் பெண் எல்லாருக்கும் கொடுக்க ஒரு கூடை நிறைய பன் கொண்டுவந்திருந்தாள். கான்ட்ராக்டர் மழைக்கு முன்னாடி எல்லாரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

துணி விரிக்குமுன் ஒரு தரம் கூட்டிவிடுகிறேன் என்று துடைப்பத்தோடு நான் குழிக்குள் இறங்கினேன். மேற்கு மூலையில் குனிந்தேன். அந்தத் துண்டை மட்டும் என் கையாலேயே நான் எடுத்தேன். உயர்த்திப் பிடித்தபோது வெயில் பட்டு அந்த அலைக்கோடு என்னமாய்த் தெரிந்தது. மண் டாக்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த நொடி ஒரு கைதட்டல் கேட்டது. வேலிப் பக்கமிருந்து. இவர்தான். எழுந்து நின்று, மூச்சு வாங்க வாங்கத் தட்டுகிறார். "என் பொண்டாட்டிடா அவ" என்று டெய்லரின் முதுகில் ஒன்று வைத்தார். நான் குழிக்குள் நின்றபடியே கை ஆட்டினேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட நாங்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

லாரி பின்பக்கமாகவே திரும்பிப் போனது. டிரம் சுற்றுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. மழைக்கு முன்னாடி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பன்னை வீணாக்குவானேன் என்று கண்டுபிடிப்புக்காக எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண்ணின் கைக்கு நல்ல பக்குவம்.

மழை இந்த வருஷம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. அதை என் கணக்கில் எழுதக் கூடாது. குழிக்கு மேல் பெரிய தார்ப்பாய் கட்டினோம். அதன் அடியில் எல்லாரும் ஒண்டிக்கொண்டு டீ குடித்தது ஒரு தனி சுகம். பாலத்தில் தண்ணீர் ஏறியது. முதல் நாள் வேன் பாலத்தருகே போய் நின்றிருக்கிறது. டிரைவர், மெதுவாகப் போனால் கடந்துவிடலாம் என்றானாம். பேக்கரிப் பெண்ணும் போய்விடலாம் என்றாளாம். இவர்தான் தரையை அழுத்தியிருக்கிறார். "தண்ணி ஓடற பாலத்துல வண்டிய எறக்கக் கூடாதுன்னு உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? திருப்பு." திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவருக்கு ஒரே பெருமை. "இன்னும் மறக்கல பாரு நானு" என்றார்.

அடுத்த முறையும் போக முடியவில்லை. அதற்கடுத்த முறையும். படகு கேட்டு எழுதினார்கள், வருகிறது என்றார்கள். இவருக்கு முகம் உப்பியது. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன். நான் ஒரு குறையும் வைக்கவில்லை, மேடம். உப்பு சேர்க்கவில்லை, பழம் கொடுக்கவில்லை, தண்ணீரை அளந்துதான் கொடுத்தேன். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், அப்படி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்வார்கள்.

ஜன்னல் வழியாக அந்தத் தார்ப்பாய் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டி முழுசாச்சா?" என்றார்.

"ஒரு துண்டு பாக்கிங்க. வடக்கு மூலை."

"கெடச்சிடும், கெடச்சிடும். நீ தேடினா கெடைக்காதா" என்றார். வாக்கியத்தை முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. வலது கால் போர்வைக்கு அடியில் ஒரு தரம் அழுத்தியது. அந்தத் துண்டு அப்போது அடுப்படியில், டப்பாவில் இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காட்டினால் அதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்று மத்தியானம் போய்விட்டார்.

மண் டாக்டர் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடை குடையாக நின்றார்கள். அந்தப் பிள்ளைகள் அழுததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. வேன் டிரைவர் வாசலிலேயே உட்கார்ந்து, "ஐயா சொன்னாருன்னு திருப்பிட்டேங்க, திருப்பாம போயிருக்கணுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான். "உன்மேல ஒரு தப்பும் இல்லப்பா" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மனதாரத்தான் சொன்னேன். தண்ணீர் வடிவதற்குள் டெய்லரும் போய்விட்டார். மற்ற இரண்டு பேரையும் படகில் கொண்டுபோனார்கள்.

மழை விட்டதும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார்கள், இதுதான் ஓய்வு என்றேன். மறுநாள் வடக்கு மூலையில் கடைசித் துண்டு கிடைத்தது. நான்தான் வைத்தேன், அவர் கேட்டுவிட்டுப் போனாரே. பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழவும் சிரிக்கவும் செய்தார்கள். ஆறு துண்டையும் ஒட்டி மேசைமேல் வைத்தார் மண் டாக்டர். கண்காட்சியில் வைக்கும்போது இது என் வீட்டுக்காரர் நினைவாக என்று போடலாம் என்றார். சட்டியைக் கையில் கொடுத்து என்னைப் படம் எடுத்தார்கள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மேடம், கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு நடந்துபோகும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தெருவிலேயே இரண்டடி துள்ளிக்கூடக் குதித்தேன்.

பிறகு சட்டியைச் சோதித்த உங்கள் துறை ஆய்வகத்துப் பெண் அந்த நீல முடியைக் கண்டெடுத்தாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பல் பிரஷ் ஏது என்று கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். உடைப்பையும் பார்த்துவிட்டு எல்லாம் புது உடைப்பு, ஒரே சட்டியை ஒரே நேரத்தில் உடைத்தது என்று சொன்னாளாம். மண் டாக்டர் என்னிடம் வந்து ஒன்றுமே கேட்கவில்லை. என் தட்டையும் பிரஷையும் எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், வீட்டுக்குப் போங்கள் என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆமாம். ஆறு துண்டையும் நான்தான் உடைத்தேன், நான்தான் வைத்தேன். கூடம் தள்ளிப்போகும் என்று தெரியும். பாலம் முழுகும் என்று தெரியும். முழுகினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதும் காதில் இருந்தது. மூலைக்கு மூலை மண்ணை அழுத்தும்போதெல்லாம் அது ஞாபகம் வரும், வந்து போய்விடும். கூடம் பக்கத்திலேயே வந்துவிட்டால் வாரம் மூன்று நாளும் நான் அவர் மெஷின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கும், அதற்காகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு எண்ணம் எனக்கு ஓரிரு தடவைதான் வந்தது. அவரிடம் கேட்டிருந்தால் அவரே சரியென்று சொல்லியிருப்பார். அவரைச் சிரமப்படுத்துவானேன் என்றுதான் கேட்கவில்லை. நீங்கள் சட்டியைப் பற்றி மட்டும் எழுதிக்கொள்கிறீர்கள், அதுவும் சரிதான், மற்றதை உங்களிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. பேக்கரிப் பெண்ணும் அந்தக் கல்லூரிப் பெண்ணும் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் ஆளில்லை. கல்லூரிப் பெண் காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, ஆன்ட்டி என்று எனக்குக் கை ஆட்டினாள், மெலிந்துபோயிருந்தாலும் சிரித்த முகம். பின்னால் அந்த லாரி மறுபடியும் வந்து நிற்கிறது, இந்த வாரமே ஊற்றப்போகிறார்களாம். நீங்கள் பெரிய இடத்தில் இருக்கிறவர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிழக்கு மூலைக்கு அப்பாலும் ஒரு சுவர் போகிறது, அங்கே நாங்கள் கையே வைக்கவில்லை. என் சட்டி பொய்யாக இருக்கலாம், வீடு பொய்யில்லையே. மண் டாக்டரிடமும் சொல்லி என் பிரஷைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், இந்தத் தடவை நடுத்தரமானதாகவே வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கூடத்துக்கு இனி என்ன அவசரம், எங்கள் வீட்டில்தான் இப்போது அது யாருக்கும் வேண்டாமே.